இ-இங்க் திரையில் ‘தொட்டி’ உடைகிறது; பேட்டரியும் 6 நாளில் சாகிறது

ஸ்டோர் கணக்கன் — ஞாயிறு, காலை 7.20

எல்லோருக்கும் வணக்கம். நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. ஒரு நூற்பு மில்லில் ஸ்டோர் கணக்கு பார்க்கிறேன். 2001-இல் ஆபீஸுக்கு வந்த ஒரு பழைய கம்ப்யூட்டரில் விஷுவல் பேசிக் 6 இருந்தது. பேரிங், பெல்ட் இருப்பைப் பார்க்க அதில் ஒரு புரோகிராம் எழுதினேன். அன்று பிடித்த பைத்தியம் இன்னும் தெளியவில்லை. அம்மாவின் தையல் மெஷின் மேசையில்தான் என் சால்டரிங் அயர்ன் இருக்கிறது. அவள் துணி தைக்க வந்தால் நான் எழுந்துவிட வேண்டும்.

இப்போது அம்மாவுக்காகவே ஒரு பலகை செய்கிறேன். அவளுக்கு 74 வயது. ஸ்மார்ட்போனைத் தொடமாட்டாள். ஆனால் தினமும் காலையில் என்னிடம் நான்கு கேள்வி உண்டு: இன்றைக்குத் தமிழ்த் தேதி என்ன, மேல்தொட்டியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது, குழாய்த் தண்ணீர் முறை என்றைக்கு, பால்காரருக்கு இதுவரை எத்தனை லிட்டர். இந்த நான்கையும் நான்கு வரியாக அடுக்களைச் சுவரில் காட்டவேண்டும். அவ்வளவுதான்.

சாமான்கள்: 4.2 அங்குல இ-இங்க் திரை (கிண்டிலில் இருப்பது மாதிரி; 400-க்கு 300 புள்ளி, கறுப்பு வெள்ளை), வைஃபை உள்ள ஈஎஸ்பி32 சிப் போர்டு ஒன்று, செத்துப்போன லேப்டாப் பேட்டரியைப் பிளந்து எடுத்த 18650 லித்தியம் செல் ஒன்று. செல்லின் மேல் 2600 (மில்லி ஆம்பியர்-மணி) என்று போட்டிருக்கிறது. தொட்டி மேலே நோட்எம்சியு என்ற இன்னொரு வைஃபை போர்டு, அதோடு கார் ரிவர்ஸ் சென்ஸார் மாதிரி ஒலியால் தூரம் அளக்கும் தண்ணீர் புகாத அல்ட்ராசோனிக். அந்த சென்ஸாருக்கு முதல் 25 சென்டிமீட்டரில் கண் தெரியாது. அதனால் தொட்டி மூடிக்கு மேல் ஒரு பிவிசி குழாய்த் துண்டை நிறுத்தி அதன் உச்சியில் வைத்திருக்கிறேன். அது ஒழுங்காக ஓடுகிறது. பலகை அரை மணிக்கு ஒருமுறை விழித்து, நோட்எம்சியுவிடம் அளவை வாங்கி, திரையில் எழுதிவிட்டுத் தூங்கும்.

சிக்கல் 1: தமிழ். முதலில் திரையோடு எல்லோரும் போடும் அடாஃப்ரூட் ஜிஎஃப்எக்ஸ் லைப்ரரியில் (திரையில் எழுத உதவும் ஆயத்தப் புரோகிராம்) ‘தொட்டி’ என்று எழுதச் சொன்னேன். 18 குப்பைக் குறி வந்தது. சரி என்று யு8ஜி2 என்ற இன்னொரு லைப்ரரிக்கு மாறி, நோட்டோ தமிழ் ஃபான்ட்டைப் புள்ளி எழுத்தாக மாற்றி ஏற்றினேன். இப்போது தமிழ் வருகிறது, ஆனால் பிய்ந்து வருகிறது. முதலில் த. அதற்குப் பிறகு ஒற்றைக்கொம்பும் காலும் நடுவில் இடம் விட்டு நிற்கின்றன. ட தனியாக, அதன் புள்ளி பக்கத்து வீட்டில். கடைசி டி-யின் சுழி வரி ஓரத்தில் அநாதையாகக் கிடக்கிறது.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். “இது என்ன, மலையாளமா?” என்றாள். அப்புறம், “கொம்பு முன்னால வரணும்டா, ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்குத் தெரியும்” என்றாள். எனக்கும் தெரியும். சிப்புக்குத் தெரியவில்லையே.

சிக்கல் 2: பேட்டரி. தூக்கத்தில் ஈஎஸ்பி32 எடுப்பது 10 மைக்ரோ ஆம்பியர் அளவுதான் என்று படித்தேன். விழித்திருக்கும் நேரம் ஒரு தடவைக்கு 8 விநாடி, அப்போது சராசரி 100 மில்லி ஆம்பியர் என்று வைத்தால் நாளைக்கு 11 மில்லி ஆம்பியர்-மணி. 2600-ஐ அதால் வகுத்தால் ஏழெட்டு மாதம் வரவேண்டும். 6 நாளில் படுத்துவிட்டது. பழைய செல்தான், ஆனால் அவ்வளவு பழசா?

எழுத்தைச் சிப்பிலேயே சேர்க்க ஏதாவது வழி உண்டா? பேட்டரியை எங்கே பார்ப்பது?

---

திஸ்கி தாத்தா — ஞாயிறு, காலை 9.05

தம்பி, பேட்டரியை வேறு யாராவது பார்க்கட்டும். எழுத்துக்கு நான் வருகிறேன்.

உங்கள் ‘தொட்டி’யை எண்ணிப் பாருங்கள். கண்ணுக்கு 3 எழுத்து. யூனிகோடில் (இன்று கம்ப்யூட்டரும் போனும் பயன்படுத்தும் பொது எழுத்து எண்முறை) 6 குறி: த, ஒகரக் குறி, ட, புள்ளி, ட, இகரக் குறி. அதை பைட்டாக எழுதும் யுடிஎஃப்-8-இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 18. முதலில் வந்த 18 குப்பை அதுதான். அந்த லைப்ரரி ஒரு பைட்டை ஒரு எழுத்தாக எண்ணும். யு8ஜி2 பைட்டுகளைக் குறியாகக் கூட்டத் தெரிந்தது. குறிகளை எழுத்தாகக் கூட்டத் தெரியாது. கம்ப்யூட்டரிலும் போனிலும் அந்த வேலையைச் செய்ய ஹார்ஃப்பஸ் மாதிரி ஒரு பெரிய இயந்திரம் உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது. உங்கள் சிப்பில் அது இல்லை.

யூனிகோட் எழுத்தை ஒலிக்கும் வரிசையில் வைக்கிறது. முதலில் த், பிறகு ஒ. எழுதும் வரிசை அது இல்லை. கொம்பை முன்னால் எடுத்து வைப்பது திரையில் எழுதுகிறவனின் பொறுப்பு. நாங்கள் 1990-களில் தலைகீழாக வைத்திருந்தோம். அப்போது ஆளுக்கொரு ஃபான்ட், ஃபான்ட்டுக்கொரு குறியேற்றம், அதாவது எந்த எழுத்துக்கு எந்த எண் என்ற பட்டியல். ஒரு பத்திரிகையின் தளத்தைப் படிக்க ஒரு ஃபான்ட் இறக்கவேண்டும், அடுத்ததற்கு இன்னொன்று. கடிதம் அனுப்பினால் ஃபான்ட்டையும் கூடவே கட்டி அனுப்புவோம். அந்தக் குழப்பத்தில்தான் திஸ்கி என்ற பொதுக் குறியேற்றம் வந்தது. 8 பிட், கீழ்ப் பாதி ஆங்கிலத்துக்கு, மேல் 128 இடம் தமிழுக்கு. அதில் ‘தொட்டி’ என்பது ஒற்றைக்கொம்பு, த, கால், ட், டி. வெறும் 5 பைட். கையால் எழுதுகிற வரிசையே நினைவகத்திலும். உங்கள் சிப் அன்று இருந்திருந்தால் ஒரு சிக்கலும் இல்லை! ஆனால் அகரவரிசைப்படுத்தப் போனால் கெ, செ, தெ எல்லாம் கொம்புக்கு அடியில் ஒன்றாகப் போய் விழும். தேடலும் சள்ளை. யூனிகோட் ஒலி வரிசையை எடுத்ததற்கு அது நல்ல காரணம். 2010-இல் தமிழ்நாடு அரசும் யூனிகோடையே தரமாக அறிவித்தது, கூடவே டேஸ்16 என்ற 16 பிட் முறையையும் வைத்துக்கொண்டது. நான் அந்தச் சண்டைகளை விட்டு வெளியே வந்து நாளாகிவிட்டது.

வேலைக்கு வருவோம். இந்திய எழுத்துகளிலேயே தமிழ்தான் இதற்குச் சுலபம். தேவநாகரியில் இந்த வேலையை எடுத்தால் கூட்டெழுத்துகளிலேயே ஆயுள் போகும். நமக்குப் புள்ளி வைத்தால் முடிந்தது. இப்படிச் செய்யுங்கள்.

மெய் ஒவ்வொன்றுக்கும் 6 படம் முன்கூட்டியே வரைந்து வையுங்கள்: க, க், கி, கீ, கு, கூ. 18 மெய்க்கு 108. உயிர் 12, ஆய்தம் 1. தனியாக நிற்கும் குறிகள் 5: துணைக்கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரத்தின் சங்கிலிக்கொம்பு, ஔகாரத்தின் வலப்பாதி. வடமொழிக்கு ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ ஐந்துக்கும் அதே 6, ஆக 30. ஸ்ரீ ஒன்று. மொத்தம் 157. இதற்கு மேல் எண்களும் நிறுத்தற்குறிகளும்தான், 256-க்குள் அடங்கிவிடும். அதாவது உங்கள் ஃபான்ட்டில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட் போதும். பழைய அடாஃப்ரூட் லைப்ரரியே ஓடும்.

அப்புறம் ஒரு சின்ன மாற்றி. குறிகளை ஒவ்வொன்றாகப் படித்து வாருங்கள். மெய்யைக் கண்டால் உடனே எழுதாமல் கையில் வைத்துக்கொண்டு அடுத்த குறியை எட்டிப் பாருங்கள். பதின்ம எண்ணிலேயே சொல்கிறேன், அதுதான் எனக்குப் பழக்கம். 3014, 3015, 3016 என்றால் எ, ஏ, ஐ: குறியை முதலில் எழுது, பிறகு மெய். 3018, 3019, 3020 என்றால் ஒ, ஓ, ஔ: இடப்பாதி, மெய், வலப்பாதி. 3006 என்றால் மெய், பிறகு கால். 3007 முதல் 3010 வரையும், புள்ளியான 3021-ம் வந்தால் அந்த 6 பட வரிசையில் உரியதை எடு. வேறு எது வந்தாலும் மெய்யை அப்படியே எழுதிவிட்டு மேலே போ.

ஒரு இடத்தில் வழுக்குவீர்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன். மெய்யெழுத்துகள் தொடர் எண்ணாக இல்லை. க 2965, ங 2969. நடுவில் மூன்று காலி. ச 2970, ஆனால் ஞ 2974. இந்த வரிசை 1988-இன் இஸ்கி என்ற இந்தியக் குறியேற்றத் தரத்திலிருந்து வந்தது. எல்லா இந்திய மொழிக்கும் ஒரே சட்டம் போட்டு, நமக்கு இல்லாத ‘க’ வகைகளுக்கும் நாற்காலி விட்டுவைத்தார்கள். எனவே கழித்துப் பெருக்கி இடம் கண்டுபிடிக்காதீர்கள். ஒரு சின்ன அட்டவணையைப் போட்டுவிடுங்கள்.

---

மூன்றாம் மாடி — ஞாயிறு, மதியம் 1.30

அண்ணா, தாத்தா சொல்வது அழகாக இருக்கிறது. ஆனால் எதற்கு இவ்வளவு பாடு? வீட்டில் ராஸ்பெரி பை மாதிரி ஒரு கையளவு கம்ப்யூட்டரோ பழைய லேப்டாப்போ இருந்தால் அதில் முழுப் பலகையையும் படமாக வரைந்து அனுப்பிவிடுங்கள். 400-க்கு 300 புள்ளி, ஒரு பைட்டில் 8 புள்ளி, மொத்தமே 15,000 பைட். சிப் அதை வாங்கித் திரையில் கொட்டிவிட்டுத் தூங்கலாம். நாளைக்கு அம்மா “எழுத்து பெரிசா வேணும்” என்றால் போர்டைக் கழற்றாமல் பைதான் புரோகிராமில் ஒரு எண்ணை மாற்றினால் முடிந்தது. நான் ஒரு பழைய கிண்டிலை இப்படித்தான் மாற்றி வைத்திருக்கிறேன். பூட்டை உடைத்து உள்ளே போனால் அது ஒரு சின்ன லினக்ஸ் கம்ப்யூட்டர்தான். படத்தைத் திரையில் போடும் கட்டளை அதற்குள்ளேயே இருக்கிறது. 600-க்கு 800 திரை, 16 சாம்பல் நிறம். என் பஸ் நேரமும் மழை வருமா என்பதும் அதில் தெரியும்.

பைதானில் படம் வரையும் பில்லோ லைப்ரரி போதும். ஆனால் பில்லோவுக்குள் எழுத்தை அடுக்கித் தரும் ராக்ம் வேலை செய்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டால் அங்கேயும் இதே பிய்ந்த தொட்டிதான் வரும், பிழைச் செய்தி எதுவும் வராது. ராக்ம் உள்ளே ஹார்ஃப்பஸைத்தான் கூப்பிடுகிறது. ஹார்ஃப்பஸ் என்றால் பாரசீகத்தில் ‘திறந்த எழுத்து’ என்று அர்த்தமாம், ஓப்பன்டைப்பின் மொழிபெயர்ப்பு. எனக்கு அந்தப் பெயர் ரொம்பப் பிடிக்கும்.

இன்னொன்று: கறுப்பு வெள்ளைத் திரையில் மெல்லிய ஃபான்ட் வேண்டாம். ஓரங்களில் வரும் சாம்பல் புள்ளிகளை வெட்டும்போது ண, ஞ எல்லாம் உள்ளே அடைத்துக்கொள்ளும். கொஞ்சம் தடித்த ஃபான்ட், உயரம் 28 புள்ளிக்குக் குறையாமல்.

---

ஸ்டோர் கணக்கன் — ஞாயிறு, இரவு 9.50

ஐயா, நன்றி. உங்கள் பதிலைக் காகிதத்தில் எழுதி தையல் மெஷின் மேல் ஒட்டியிருக்கிறேன். காலி நாற்காலி விஷயம் தெரியாமல் நேற்றே கழித்துப் பெருக்கிப் பார்த்தவன் நான். ங கேட்டால் ட வந்தது ஏன் என்று இப்போதுதான் புரிகிறது.

மூன்றாம் மாடித் தங்கச்சிக்கு: நீங்கள் சொன்னதுதான் புத்திசாலித்தனமான வழி என்று தெரிகிறது. ஆனாலும் எனக்கு இரண்டு தயக்கம். எங்கள் வீட்டில் எப்போதும் ஓடும் கம்ப்யூட்டர் கிடையாது. என் லேப்டாப் என்னோடு மில்லுக்கு வந்துவிடும். அடுத்து, கரண்ட் போனால் ரூட்டர் போகும். இ-இங்க் கடைசியாக எழுதியதை அப்படியே வைத்திருக்கும் என்பது நல்லதுதான், ஆனால் ராத்திரி 12 மணி தாண்டியும் நேற்றைய தேதியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். தண்ணீர் அளவு பழசானால் “தெரியவில்லை” என்று போடலாம். தேதி தப்பானால் அம்மா பலகையையே நம்பமாட்டாள். தினசரிக் காலண்டர் பக்கத்திலேயே தொங்குகிறது, ஒப்பிட்டுவிடுவாள்.

தமிழ்த் தேதியை நான் கணக்குப் போடவில்லை. தமிழ் மாதம் 29 நாளிலிருந்து 32 நாள் வரை போகும். சூரியன் ராசி மாறுவது அஸ்தமனத்துக்கு முன்னா பின்னா என்பதைப் பார்த்துத்தான் மாதப் பிறப்பு. அதற்குள் இறங்கினால் நான் திரும்பி வரமாட்டேன். காலண்டரைப் பார்த்து 12 மாதத்தின் முதல் தேதிகளை மட்டும் அட்டவணையாக அடித்துவிட்டேன். வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும்.

அப்புறம் ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். ஓர் எழுத்துக்கு 24-க்கு 32 புள்ளி என்று வைத்தால் 96 பைட். ணூ மாதிரி அகலமானவை கூடும், ர, கால் எல்லாம் குறையும். 157 எழுத்துக்கு 15,072. தங்கச்சி சொன்ன ஒரு படத்தின் அளவும் 15,000. ஒரே ஒரு படம் அனுப்புகிற செலவில் மொத்தத் தமிழும் சிப்புக்குள் போய் உட்கார்ந்துவிடுகிறது! போர்டில் 4 எம்பி இருக்கிறது. அதனால் உங்கள் பைதானை வாங்கி ஐயாவின் வழிக்குப் பயன்படுத்தப்போகிறேன். அந்த 157 எழுத்தை மட்டும் லேப்டாப்பில் ஒருமுறை வரைந்து, சிப்பில் ஏற்றிவிட்டால் அதற்குப் பிறகு யாரும் தேவையில்லை.

பேட்டரிக்கு இன்னும் யாரும் வரவில்லையே?

---

யாழ் மின்னி — திங்கள், இரவு 8.15

அண்ணை, பற்றரியில் பிழை இல்லை. போர்ட்டில்தான்.

10 மைக்ரோ ஆம்பியர் என்பது சிப்புக்கு மட்டும். நீங்கள் வைத்திருப்பது யுஎஸ்பி வாய், சிவப்பு லைற், வோல்ற்றைக் குறைத்துக் குடுக்கிற ரெகுலேற்றர் எல்லாம் சேர்ந்த போர்ட். அதில் மூன்று கால் உள்ள 1117 வகை ரெகுலேற்றர் இருந்தால், அது சும்மா நிற்பதற்கே 5 மில்லி ஆம்பியர் அளவு குடிக்கும். லைற் இன்னும் கொஞ்சம். சிப் தூங்கும், வீடு தூங்காது.

அளந்து பாருங்கோ. ஆனால் மல்ரிமீற்றரை மைக்ரோ ஆம்பியரில் வைத்து ஒன் பண்ணினால் போர்ட் எழும்பாது, திரும்பத் திரும்ப ரீசெற் ஆகும். அந்த அளவில் மீற்றருக்குள் இருக்கிற தடை பெரிது. வைஃபை எழும்புகிற நேரம் வோல்ற் விழுந்துவிடும். நான் இதில் ஒரு முழு இரவை விட்டிருக்கிறேன், போர்ட் பழுது என்று நினைத்து. மீற்றரின் இரண்டு முனையையும் ஒரு வயரால் குறுக்கே இணைத்து வைத்து, போர்ட் எழும்பி வேலை முடித்துத் தூங்கின பிறகு அந்த வயரை எடுங்கோ. அப்ப வாசிப்பு சரியாக வரும்.

இரண்டாவது. அந்த 1117 வகைக்கு உள்ளே வருகிற வோல்ற், வெளியே போகிறதைவிட 1 வோல்ற்றுக்கு மேல் கூட இருக்கவேணும். 3.3 தரவேணும் என்றால் உள்ளே 4.4 அளவு வேணும். உங்கள் செல் முழுக்க நிரம்பினாலே 4.2தான். பாதி இறங்கி 3.7-க்கு வந்தால் சிப்புக்குக் கிடைக்கிறது 2.6 அளவு, வைஃபை இழுக்கிற நேரம் அதிலும் குறையும். அதோட சரி. பற்றரிக்குள் பாதி மிச்சம் இருக்கிறபோதே போர்ட் செத்துவிட்டது என்று நினைக்கிறன். இப்ப அந்த செல்லின் வோல்ற்றை அளந்து சொல்லுங்கோ.

வழி: லித்தியம் இரும்பு பொஸ்பேற் செல் ஒன்று வாங்கி, ரெகுலேற்றரைக் கழற்றிவிட்டு நேரே 3.3 காலில் குடுக்கிறது. அந்த செல் பெரும்பாலும் 3.2, 3.3-இலேயே நிற்கும், சிப்புக்கு அதுதான் விருப்பம். அந்த சிவப்பு லைற்றையும் கழற்றுங்கோ. கவனம்: இதற்குச் சாதாரண டிபி4056 சார்ஜர் போடக்கூடாது. அது 4.2 வரை ஏற்றும், இந்தச் செல்லுக்கு 3.6தான். டிபி5000 சார்ஜரில் இரண்டுக்கும் தெரிவு இருக்கு. செல்லைக் கழற்றி வெளியில் சார்ஜ் பண்ணுங்கோ, போர்ட்டோடு வேண்டாம்.

இன்னொன்றும் சொல்லவேணும். தேதிக்கு சிப்புக்குள் இருக்கிற மணிக்கூட்டை நம்பாதீங்கோ. தூக்கத்தில் அது ஓடுகிறது படிகத்தில் இல்லை, வெக்கைக்கும் குளிருக்கும் ஆடும். ரூட்டர் இருக்கிற நேரமெல்லாம் இணையத்தில் நேரத்தைச் சரிபார்க்கலாம். இல்லாவிட்டால் டிஎஸ்3231 என்ற தனி மணிக்கூட்டுச் சிப் ஒன்று போடுங்கோ. வருசத்துக்கு ஒரு நிமிசம் அளவுதான் பிழைக்கும்.

---

ஸ்டோர் கணக்கன் — செவ்வாய், காலை 6.40

மின்னித் தம்பி, “செத்த” செல்லை அளந்தேன். 3.71. நான் அதைக் குப்பைக் கூடையில் போட எடுத்து வைத்திருந்தேன்.

வயர் வித்தையும் செய்தேன். தூக்கத்தில் 9 மில்லி ஆம்பியர். 24-ஆல் பெருக்கினால் நாளைக்கு 216, விழிப்புக்கு 11, மொத்தம் 227. 2600-ஐ வகுத்தால் பதினொன்றரை நாள். அதில் பாதியிலேயே படுத்தால் 6 நாள். கணக்கு அப்படியே உட்கார்ந்துவிட்டது. ஸ்டோரில் இருப்பும் லெட்ஜரும் ஒத்துப்போனால் வருகிற சந்தோஷம்.

---

ஸ்டோர் கணக்கன் — அடுத்த ஞாயிறு, மாலை 5.15

நிலவரம் சொல்ல வந்தேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுத்து வந்துவிட்டது. மாற்றி மொத்தம் 94 வரி. முதலில் பைதானிலேயே மாட்டிக்கொண்டேன்: என் லேப்டாப் விண்டோஸ், ராக்ம் ஓடவில்லை, படத்திலும் பிய்ந்த தொட்டி. தங்கச்சி எச்சரித்தும் ஒரு மணி நேரம் ஃபான்ட்டைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஃப்ரிபிடி என்று இன்னொரு துணை ஃபைல் வேண்டுமாம். அதைப் போட்டதும் 157-ம் வரிசையாக வந்து நின்றன. ஒவ்வொன்றையும் ஒரு தாளில் அச்சடித்து அம்மாவிடம் கொடுத்தேன். பென்சிலோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாக டிக் போட்டாள். “நூ-வும் நு-வும் ஒண்ணு மாதிரி தெரியுது” என்று ஒன்றுக்கு வட்டம் போட்டாள். நான் போட்ட அளவில் வேறுபாடு அடைத்துக்கொண்டிருந்தது. உயரத்தை 28-இலிருந்து 32 ஆக்கினேன்.

அதற்குப் பிறகு வந்த மூன்று தப்பு, அடுத்து யாராவது இந்த வேலையில் இறங்கினால் உதவும்.

காலண்டர் வரியில் ‘கிருஷ்ண பக்ஷம்’ என்று போட்டேன். க் தனி, ஷ தனி என்று வந்தது. க்ஷ என்பது க, புள்ளி, ஷ என்று மூன்று குறி. என் மாற்றி புள்ளியைப் பார்த்ததும் ‘க்’ எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறது. புள்ளிக்கு அடுத்ததையும் எட்டிப் பார்க்கவேண்டும் என்று சேர்த்தேன். ‘ஸ்ரீராம நவமி’க்கு நான்கு குறி தள்ளி. இந்த இரண்டையும் தவிர தமிழில் இப்படி ஒட்டிக்கொள்கிற கூட்டெழுத்து எனக்கு அகப்படவில்லை.

இரண்டாவதுதான் என்னை உண்மையில் படுத்தியது. பலகையில் ‘தொட்டி’ சரியாக வருகிறது, ஆனால் பால் கணக்கு வரியில் ‘மொத்தம்’ மட்டும் ‘மெ’ போட்டு, கொஞ்சம் தள்ளிக் கால் நின்றது. இரண்டிலும் ஒரே ஒகரம்! தொட்டியை நான் லேப்டாப்பில் அடித்தேன். பால் கணக்கு வரியைப் போனில் அடித்து எங்கிருந்தோ ஒட்டியது. எண்ணிப் பார்த்தால் அதில் ஒகரக் குறி இல்லை. ஒற்றைக்கொம்பு 3014, பிறகு கால் 3006, என்று இரண்டு குறியாக இருக்கிறது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், யூனிகோடும் இரண்டையும் சமம் என்றுதான் சொல்கிறது. என் மாற்றி கொம்பைக் கண்டதும் ‘மெ’ எழுதிவிடுகிறது. காலுக்கு வரும்போது கையில் மெய் இல்லை, அதனால் அகல இடம் விட்டு எழுதுகிறது. இப்போது மாற்றிக்குள் போவதற்கு முன் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறேன். மூன்றாவது என் முட்டாள்தனம்: ‘ஔ’ என்று நினைத்து ஒ-வையும் ள-வையும் சேர்த்து அடித்திருந்தேன். அதற்கு எந்த மாற்றியும் உதவாது.

பேட்டரி: ரெகுலேட்டரைக் கழற்றினேன். ஹாட் ஏர் கிடையாது. அயர்னில் ஈயத்தை நிறைய ஊற்றி மூன்று காலையும் ஒன்றாகச் சூடாக்கிப் பிடுங்கினேன். பக்கத்தில் ஒரு கெப்பாசிட்டரும் கூடவே வந்துவிட்டது, திரும்ப ஒட்டினேன். சிவப்பு விளக்கும் போயிற்று. புது செல் சென்னை ரிச்சி தெருவுக்குப் போய்வந்த மில் டிரைவர் மூலம் வந்தது. இப்போது தூக்கத்தில் மீட்டர் 0.09 மில்லி ஆம்பியர் காட்டுகிறது. 10 மைக்ரோ இல்லைதான்; மிச்சத்தை எது குடிக்கிறது என்று தேடப்போவதில்லை. 9-இலிருந்து 0.09. நூறில் ஒன்று. போதும் சாமி.

டிஎஸ்3231 இன்னும் போடவில்லை. ரூட்டர் இருக்கும்போது நேரம் பார்த்துக்கொள்கிறது. புதன்கிழமை ராத்திரி முழுக்க கரண்ட் இல்லை, காலையில் தேதி சரியாகத்தான் மாறியிருந்தது. நள்ளிரவிலிருந்து எவ்வளவு தள்ளி மாறியது என்று யாருக்குத் தெரியும், அம்மா எழுந்திருப்பது 5 மணிக்கு.

பலகை வெள்ளிக்கிழமை சுவரில் ஏறியது. அம்மா முதலில் காலண்டரைக் கிழித்தாள், அப்புறம் பலகையைப் பார்த்தாள், தலையை ஆட்டினாள். மறுபடி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வந்து, “கிழமை எல்லாம் சரி. ஞாயிற்றுக்கிழமை ழ-வுக்கு வால் எங்கடா?” என்றாள். ஆமாம், அடி வெட்டுப்படுகிறது. கிழமை என்ற சொல்லே தினமும் வருகிறது. ஐயா, வரிக்கும் வரிக்கும் எவ்வளவு இடைவெளி விடுவீர்கள்?

---

திஸ்கி தாத்தா — ஞாயிறு, இரவு 7.30

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். எங்கள் ஃபான்ட் குழுவில் அன்று இப்படி ஒருவர் இல்லாமல் போனார்.

இடைவெளியில் கோளாறு இல்லை என்று நினைக்கிறேன், படம் வெட்டும்போதே போயிருக்கிறது. 157-க்கும் ஒரே அடிக்கோடு வைத்து, க-வின் அடியில் வெட்டியிருப்பீர்கள். ழ, ழு, ழூ, ஞூ, று எல்லாம் அதற்குக் கீழே இறங்கும். ஒவ்வொன்றுக்கும் அதன் உண்மையான அடி வரை வெட்டி, எவ்வளவு இறங்குகிறது என்பதை எழுத்தோடு சேர்த்து வையுங்கள்; அடாஃப்ரூட் ஃபான்ட் அமைப்பில் அதற்கென்றே ஒரு எண் இருக்கிறது. 32 உயரத்துக்கு வரி இடைவெளி 44 வைத்துப் பாருங்கள். 4 வரிக்கு 176, மேலே தேதியைப் பெரிதாகப் போட இன்னும் 124 புள்ளி மிச்சம்.

அந்த 94 வரியை இங்கே போடுங்கள். மில் லெட்ஜர் மாதிரி மாறிகளுக்குப் பெயர் வைத்திருந்தாலும் பரவாயில்லை.